திருகி மூடும் சாவியை எவ்வளவு இறுக்க வேண்டும்? (சீக்கோ எஸ்கேஎக்ஸ்007)

கேள்வி:
வணக்கம். மாமா துபாயிலிருந்து வாங்கி வந்த சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 டைவர் வாட்ச் (கடலில் மூழ்குபவர்களுக்கான கைக்கடிகாரம்) என்னிடம் இருக்கிறது. ரொம்ப வருடமாக ஓடுகிறது, சர்வீஸ் செய்ததில்லை. 30 நாள் மாதம் முடிந்தால் தேதி மாற்ற, பக்கவாட்டில் இருக்கும் திருகுச் சாவியைத் (கிரௌன்) திறந்தே ஆக வேண்டும். திரும்ப மூடும்போது எங்கே நிறுத்துவது என்பதுதான் குழப்பம். கொஞ்சம் கனம் தட்டியதும் விட்டால் தண்ணீர் போய்விடுமோ, இன்னும் திருகினால் மரை போய்விடுமோ என்று இரண்டு பயம். மூடிய பிறகும் சாவிக்கும் கேஸுக்கும் (வாட்ச்சின் உலோக உடல்) நடுவே மயிரிழை இடைவெளி தெரிகிறது. கிணற்றில் குளிக்கும்போதும் கழற்றாமல் கட்டியிருப்பேன். என்ன செய்யலாம்?

பதில் 1:
இனிமேல் திரும்பவே திரும்பாது என்கிற வரை இறுக்கிவிடுங்கள் ப்ரோ. டைவர் வாட்ச்தானே, தாங்கும்.

பதில் 2:
மேலே சொன்னபடி செய்யாதீர்கள் தம்பி. நான் வாட்ச் பழுது பார்ப்பவன், அப்படி இறுக்கி மரை தேய்ந்து வரும் வாட்ச்களை அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, சாவிக்குள் இருக்கும் ரப்பர் ரிங். அந்த ரிங் இருக்க வேண்டிய இடத்தில் சாவி அசையாமல் நிற்பதற்குத்தான் மரை. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் வாஷர் செத்துவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சொட்டும் இல்லையா, அதே கதைதான். அதிகமாக இறுக்கினால் ரப்பர் நசுங்கும், கேஸில் சாவி ஏறும் சின்னக் குழாயின் மரையும் தேயும். அந்தச் சின்னக் குழாய் போனால் செலவு பெரிது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனியால் மட்டும் திருகுங்கள். லேசாகப் போய்க்கொண்டிருந்தது சட்டென்று நிற்கும். அந்த இடம்தான் கணக்கு. அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம். குறடு பக்கமே போகாதீர்கள்.

இடைவெளி பல மாடல்களில் இருப்பதுதான். மரை வெளியே தெரியக் கூடாது, இடைவெளி முன்பைவிட அகலமாகியிருக்கவும் கூடாது. அகலமாகியிருந்தால் அழுக்கோ உப்போ அடைத்திருக்கும், அல்லது ரிங் இடம் மாறியிருக்கும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இடைவெளி எப்போதும் போலத்தான் இருக்கிறது. ஆனால் சில தடவை அரைச் சுற்றிலேயே சிக்கிக்கொள்கிறது. அப்போது அழுத்தித் திருகலாமா?

பதில் 2:
கூடவே கூடாது. மரை கோணலாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம், அந்த நேரத்தில் பலம் கொடுத்தால்தான் மரை அறுந்துபோகும். பின்னால் திருப்பிக் கழற்றிவிடுங்கள். அப்புறம் சாவியை நேராக உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு முதலில் இடப்பக்கமாக, அதாவது திறக்கிற பக்கமாக, மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் 'டிக்' என்று விரலுக்குச் சின்னதாக ஒரு இறக்கம் தெரியும். அங்கே மரையின் வாய் சேர்கிறது. அதே இடத்திலிருந்து வலப்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும்.

பதில் 3:
என்னிடம் என்எச்35 மெஷின் போட்ட வாட்ச் இருக்கிறது. மூடும்போது உள்ளே கரகர என்று சத்தம் வருகிறது. கெட்டுவிட்டதா?

பதில் 2:
இல்லை சார். என்எச்35-க்குக் கையால் சாவி கொடுக்கலாம், அதனால் மூடும்போது ஸ்பிரிங்கும் கொஞ்சம் சுற்றிக்கொள்கிறது. கை அசைவில் தானாகவே சுற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் என்பதால் அதிகமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், ஸ்பிரிங் நிறைந்ததும் உள்ளேயே வழுக்கிவிடும். எஸ்கேஎக்ஸ்-இல் இருக்கும் 7எஸ்26 மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்கும் வசதி இல்லை, அதனால் தம்பிக்கு அந்தச் சத்தம் வராது.

கேட்டவர்:
சரி அண்ணா, இப்போது நேராக ஏறுகிறது. அப்படியே கிணற்றில் இறங்கலாமா?

பதில் 2:
இப்போதைக்குக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். வாட்ச்சில் போட்டிருக்கும் 200 மீட்டர் ஆழம் என்பது ரப்பர் நன்றாக இருந்தபோது கொடுத்த கணக்கு. வருடக்கணக்கில் வியர்வையும் சூடும் பட்ட ரப்பர் காய்ந்து கெட்டியாகியிருக்கும். சாவி ரிங், பின்மூடி ரிங் இரண்டையும் மாற்றச் சொல்லி, சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பிறகு காற்றழுத்தத்தில் பிரஷர் டெஸ்ட் செய்யும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள். வீட்டு வாளியில் முக்கிப் பார்க்கிற சோதனை வேண்டாம், ஒழுகினால் மெஷின் போய்விடும். இதற்கிடையில் கண்ணாடிக்குள் பனி படிந்ததுபோல் தெரிந்தால் வெயிலில் காய வைக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்த் திறக்கச் சொல்லுங்கள். துரு பிடிக்க அதிக நேரம் ஆகாது.