சிட்ரிக் ஆசிட் கட்டியைத் தூள் பறக்காமல் உடைப்பது எப்படி?

கெட்டிலில் படியும் உப்புக்கறையை எடுக்க 5 கிலோ சிட்ரிக் ஆசிட் வாங்கினேன். நீரற்ற வகை, மாவு மாதிரி நைசான தூள். இப்போது ஈரம் பட்டுக் கட்டிதட்டிவிட்டது.

மூன்று நாளைக்கு முன் சமையலறையில் கரண்டியால் கட்டியை உடைத்தபோது தூள் பறந்து பக்கத்தில் நின்ற மகளின் வலது கண்ணில் விழுந்தது. உடனே இமையை விரித்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கழுவினேன். பாவம், கண் மிளகாய்ப் பழம் போலச் சிவந்துவிட்டது. கருவிழிக்குச் சேதமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. சோடா உப்பு எதுவும் கலக்காமல் வெறும் தண்ணீரில் கழுவியதே சரி என்றார்.

அப்புறம் அவளை வெளியே அனுப்பிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க், பக்கமும் மூடிய கண்ணாடி, ரப்பர் கையுறை எல்லாம் போட்டு உடைத்துப் பார்த்தேன். அப்படியும் தொண்டை கரகரத்து இருமல் வருகிறது. கையுறைக்கு மேலே மணிக்கட்டில் வியர்வையோடு ஒட்டி எரிகிறது. தண்ணீர் தெளித்தால், காய்ந்ததும் இன்னும் கல்லாகிவிடுகிறது.

இன்னும் 4 கிலோ மிச்சம். இதைக் கையாண்டு பழகியவர்கள் சொல்லுங்கள்: மொத்தத்தையும் தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதிய பிளாஸ்டிக் கேனில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானதா?