மீன் பத்தியம், மீன் வழக்கம்: வன்னி உறவுகளிடம் ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. வன்னியில் மீனைச் சாப்பாட்டுக்கு அப்பால் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவில் சரக்குக்கறி வைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்துப் போடுவார்கள், செத்தல் மிளகாய் கிட்டவும் வராது. சரி, கடலுக்குத் தூரமான மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் சுறா கிடைக்காத நாளில் என்ன கொடுத்தார்கள்? குளத்து விராலா? மலேசியாவில் பிள்ளை பெற்றவர்களுக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் காயம் ஆற விரால்தான் கொடுக்கிறார்கள். அதைப் பற்றி ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. திலாப்பியா இலங்கைக்கு வந்ததே 1952இல். அதனால் பழைய பத்தியத்தில் அதற்கு இடமிருந்திருக்காது என்று நினைக்கிறேன், இருந்தால் திருத்துங்கள்.

அப்புறம், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு உங்கள் வீட்டில் எப்போதிருந்து மச்சம் (மீன், இறைச்சி) விடுவீர்கள்? இறந்தவருக்குச் செய்யும் எட்டுச் செலவுப் படையலுக்கு இன்ன மீன்தான் வேண்டும் என்று இருந்ததா? முல்லைத்தீவு, கொக்கிளாய்க் கரைவலைக்காரர் முதல் பாட்டில் (முதல் வலை இழுப்பில்) கோயிலுக்கென்று ஏதும் எடுத்து வைப்பார்களா?

'உடம்புக்கு நல்லது' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எந்த ஊர், எந்த மீன், எப்படிச் சமைத்தார்கள், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதுதான் எனக்கு வேண்டும். தட்டச்சு கஷ்டமென்றால் குரல் பதிவாக அனுப்புங்கள், நானே எழுதிக்கொள்கிறேன்.