கடற்பறவையும் பிளாஸ்ரிக்கும்: 60 செக்கன் அனிமேஷனுக்கு ஆலோசனை வேணும்

பண்ணைக்கரை:
தரம் 8 பிள்ளையளோட கடதாசி வெட்டுருவம் வைச்சு 60 செக்கன் படம் ஒண்டு செய்யிறம். கடலில மிதக்கிற பிளாஸ்ரிக்கைத் தின்னுற அல்பற்ரோஸ்தான் கதை. ஒரு அன்ட்ராயிட் போன், ஸ்ராண்ட், பிறிஸ்டல் போட் இருக்கு. சோதிச்சு எடுத்த 5 செக்கனிலயும் வெளிச்சம் படத்துக்குப் படம் துடிக்குது. அதை எப்பிடி நிப்பாட்டுறது? எங்கட பிள்ளையளுக்கு அல்பற்ரோஸ் சரிவருமோ, உள்ளூர்ப் பறவைக்கு மாத்திறதோ?

ஒளிப்பெட்டி:
துடிப்புக்குக் காரணம் போன் தானா வெளிச்சம் அளக்கிறது. பிள்ளையின்ர கை விலகின உடன திரும்ப அளக்கும். கமராவை ப்ரோ முறைக்கு மாத்தி ஐஎஸ்ஓ, ஷட்டர், வைற் பலன்ஸ், ஃபோக்கஸ் நாலையும் பூட்டுங்கோ. ஷட்டர் 1/50 அல்லது 1/25. எங்கட கறண்ட் 50 ஹேர்ட்ஸ்; 1/60 வைச்சா சில எல்ஈடி பல்ப்புகளுக்குத் துடிப்புத் திரும்ப வரும். யன்னலை மூடுங்கோ, ஒரு முகில் கடந்தாலே காணும் பழுதாக. இரண்டு பக்கத்திலயும் 45 பாகையில ஒவ்வொரு பல்ப். வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்பும் வெளிச்சத்தைத் தெறிக்கும், அதால ஒவ்வொரு படத்துக்கும் பிள்ளையள் மேசையை விட்டு விலகி நிக்கவேணும். ஃபானை நிப்பாட்டுங்கோ. போனைத் தொடாதேங்கோ; வயர் இயர்ஃபோனின்ர சத்தம் கூட்டுற பட்டனை அமத்தினா அனேகமான போன்கள் படம் எடுக்கும்.

செக்கனுக்கு 12 எண்டா மொத்தம் 720 படம். அவ்வளவும் புதுசா எடுக்கத் தேவையில்லை. அல்பற்ரோஸ் சிறகை அடிக்காமலே கனதூரம் மிதந்து போகும், உடம்பை மெல்லச் சரிச்சாக் காணும். உள்ளூர்க் கடற்பறவை ஆலா எண்டா நாலு சிறகு நிலை வெட்டித் திரும்பத் திரும்பப் போடுங்கோ, செக்கனுக்கு 3 அடி வரும். மூட்டுகளை ஊசி நூலால முடியுங்கோ. செலோரேப் மினுங்கும்.

நெய்தல்:
அல்பற்ரோஸை விடவேண்டாம், ஆனால் அதன் இடத்தை மாற்றாதீர்கள். வயிறு நிறையப் பிளாஸ்ரிக்குடன் லேசான் அல்பற்ரோஸ் குஞ்சுகள் செத்துக் கிடப்பது வட பசிபிக்கின் மிட்வே தீவில். அதைக் காரைநகர்க் கரையில் வரைந்தால் பொய்.

அது ஏன் தின்கிறது என்பதற்கே அதிக நேரம் கொடுங்கள். பறக்கும் மீன்கள் மிதக்கும் பொருட்களில் முட்டையிடும். அந்த முட்டைகளை எடுக்கும் அல்பற்ரோஸ் பொருளையும் சேர்த்து விழுங்குகிறது. பாசி படர்ந்த பிளாஸ்ரிக்கிலிருந்து டைமெதில் சல்பைட் என்ற வாசமும் எழும். வேறு பல கடற்பறவைகள் இரை தேடிப் பின்தொடர்வது அந்த வாசத்தைத்தான் (2016இல் வந்த ஆய்வு). விழுங்கியதைப் பெற்றோர் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். செரிக்காததைக் குஞ்சு உருண்டையாகக் கக்குவது பறக்கும் பருவம் நெருங்கும்போதுதான். அதுவரை கணவாய் அலகோடு போத்தல் மூடியும் உள்ளே சேரும். வயிறு நிறைந்திருக்கும், குஞ்சு பட்டினி கிடக்கும்.

நம் கரையில் ஆலாவுக்கு ஆபத்து வேறு வகை. மீனைக் கண்டதும் தலைகீழாய்ப் பாய்கிற பறவை அது. அறுந்து மிதக்கும் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) காலிலும் சிறகிலும் சுற்றிவிடும். உள்ளூர்க் காட்சிக்கு அதை எடுங்கள். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கொட்டின. அவற்றைக் காட்ட அவிக்காத சவ்வரிசி போதும். அளவும் நிறமும் ஏறக்குறைய அதே. மீன்முட்டை போலவும் இருக்கும். பறவை ஏமாறுவது பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.

பண்ணைக்கரை:
சவ்வரிசி நல்ல யோசினை. தங்கூசியைக் கமராவில எப்பிடிக் காட்டுறது? நீலக் கடதாசிக்கு மேல வைச்சா ஒண்டும் தெரியேல்லை.

ஒளிப்பெட்டி:
கடலைக் கீழ வைச்சு, 10 சென்ரிமீற்றர் மேல ஒரு கண்ணாடித் தட்டு தூக்குங்கோ; தங்கூசியும் ஆலாவும் கண்ணாடியில. கண்ணாடியில போனின்ர நிழலுரு விழும், அதால நடுவில ஓட்டை வெட்டின கறுப்புத் துணியைப் போனுக்குக் கீழ கட்டுங்கோ. மூண்டாவது பல்ப் ஒண்டைக் கண்ணாடி மட்டத்துக்குப் பதிச்சுப் பக்கத்தில இருந்து அடிச்சா நூல் வெள்ளிக் கோடா மினுங்கும். ஆலா பாயுற வரைக்கும் அந்தப் பல்ப்பை நூத்து வையுங்கோ. சிறகில சுற்றின பிறகு போடுங்கோ.