பெரோனியலா, பெரினியலா? தமிழ்ச் சொல் வேண்டும்

வணக்கம். பிசியோதெரபி கலைச்சொல் பட்டியலுக்காகக் கேட்கிறோம்.

பெரோனியல் என்றால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பைச் சார்ந்தது. பெரினியல் என்றால் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் வித்தியாசம் ஒரே எழுத்து: 'ஆர்'-க்கு அடுத்து முன்னதில் 'ஓ', பின்னதில் 'ஐ'. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் ஸ்பெல்செக்கும் பிடிக்காது. பெரோனியல் நரம்பு பழுதாகிப் பாதம் தொங்குகிறது என்று நரம்புச் சோதனைக்கு எழுதும் சீட்டில் இது மாறினால் ஆபத்து.

கிரேக்கத்தில் 'பெரொனே' என்றால் உடையைக் குத்தும் ஊக்கின் ஊசி. இதே எலும்பின் லத்தீன் பெயரான 'ஃபிபுலா'வுக்கும் ஊக்கு என்றே பொருள். பக்கத்துப் பெரிய எலும்போடு வைத்துப் பார்த்தால் அச்சு அசல் ஊக்கேதான்! 1998-இல் வெளிவந்த சர்வதேச உடற்கூற்றியல் சொற்பட்டியல் 'ஃபிபுலார்' வடிவத்துக்கே முதலிடம் தந்தது. ஆனால் வார்டுகளில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

'ஊக்கெலும்பு நரம்பு' என்று வைக்கலாமா? இலங்கை, தமிழகப் பாடநூல்களில் வேறு சொல் பார்த்திருந்தால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுங்கள்; பதிப்பாண்டும் தெரிய வேண்டும்.