பால், பாலினம், பான்மை: ஒரு பாடத் தலைப்புக்குச் சொல் தேடி

பாலக்கோடு, விலங்கியல் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களுக்கான அறிவியல் சிறுநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். புதன்கிழமை தருமபுரியில் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஆறாம் இயலுக்கு ‘பாலினத்தை உருவாக்குவது உயிரியலும் பரிணாமமுமா, சமூகமா?’ என்று தலைப்பிட்டு, நேற்று வகுப்பில் படித்துக் காட்டினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, “ஒய் குரோமோசோம்தானே டீச்சர், போன மாதமே படித்துவிட்டோமே” என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. பிழை என் சொல்லில் இருக்கிறது. உடலில் உள்ள வேறுபாட்டுக்கும், ஆண் இப்படி நடக்க வேண்டும், பெண் இப்படி இருக்க வேண்டும் என்று வழங்கும் வேறுபாட்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியவில்லை. இரண்டாவதற்குச் ‘சமூகப்பால்’ எனலாமா?

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் ‘பாலினம்’ என்பதையே விட்டுவிடுங்கள். பகு என்னும் வேரிலிருந்து பகல், பகல் குறுகிப் பால். பால் என்றாலே பகுப்பு, வகை. அதனோடு ‘இனம்’ சேர்ப்பது கூறியது கூறல். ஒருவன், ஒருத்தி, பலர், ஒன்று, பல என ஐம்பால் வகுத்த தொல்காப்பியர் எண்ணையும் பாலுக்குள் அடக்கினார் என்பதிலிருந்தே அச்சொல்லின் பரப்பு விளங்கும்.

தமிழில் நீங்கள் தேடும் வேறுபாடு விகுதியிலேயே இருக்கிறது. ஆண் வேறு, ஆண்மை வேறு. பிறன்மனை நோக்காமையைப் ‘பேராண்மை’ என்றார் வள்ளுவர். அது உடற்கூறு அன்று, ஒழுக்கம். ‘ஆண்மை அழிய வேண்டும்’ என்று பெரியார் எழுதியபோது ஆண்கள் அழிய வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ளவில்லை. ஆகவே பால் என்பதோடு ‘மை’ சேர்ப்போம். லகரம் மகரத்தின் முன் னகரமாகும், பான்மை என்றாகும். உடலுக்குப் பால், நடத்தைக்குப் பான்மை.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். களவியலில் ‘பெருமையும் உரனும் ஆடூஉ மேன’ என்று ஆணுக்குச் சொன்ன தொல்காப்பியர், அச்சமும் நாணும் மடனும் ‘பெண்பாற்கு உரிய என்ப’ என்று முடிக்கிறார். ‘என்ப’ என்றால் ‘என்று சொல்வார்கள்’. பெண்ணின் இயல்பு என்பது பிறர் சொல்லி வைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கிருஷ்ணகிரி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, உங்கள் புணர்ச்சி விதியில் குறையில்லை. ஆனால் பெரும்பான்மை, சிறுபான்மை, மனப்பான்மை என்று பான்மை ஏற்கெனவே வேறிடத்தில் குடியேறிவிட்டது. ‘பான்மைச் சமத்துவம்’ என்று அச்சிட்டால் சிறுபான்மையினர் உரிமை பற்றிய பாடம் என்றே மாணவர்கள் எண்ணுவார்கள். ‘என்ப’ பற்றியும் ஒன்று: சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவே ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்கிறது; ‘என்மனார்’ என்றாலும் ‘என்று சொல்வார்கள்’ என்பதே பொருள். முன்னோர் கூற்றாகச் சொல்வது அந்நூலின் நடை. அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டாம்.

இலங்கைத் தமிழர் ‘பால்நிலை’ என்ற சொல்லைப் பல்லாண்டுகளாக எழுதி வருகிறார்கள். ஒட்டிப் பார்த்தால் நன்றாகவே பொருந்துகிறது. நம் பக்கம் அதைக் கேட்டவர் குறைவு என்பதே தடை.

ஓசூர், மருத்துவர்:

‘சமூகப்பால்’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏறத்தாழ ஆறாம் வாரம் வரை கருவின் இனப்பெருக்கச் சுரப்பி இரு வழியிலும் செல்லக்கூடியதாகவே இருக்கிறது. 1990இல் ஒய் குரோமோசோமில் கண்டறியப்பட்ட எஸ்ஆர்ஒய் மரபணு செயல்பட்டால் அது விந்தகமாக வளர்கிறது. இதில் சண்டையில்லை. சண்டை நடத்தையைப் பற்றியது. துணைகள் கூடக்கூட ஆணுக்கே சந்ததி மிகுதியாகப் பெருகும் என்று உயிரியலாளர் பேட்மன் 1948இல் பழ ஈக்களில் செய்த சோதனையையும், பெற்றோர் முதலீடு, அதாவது பிள்ளைகளுக்காகப் பெற்றோர் செலவிடுவது, பற்றி உயிரியலாளர் டிரைவர்ஸ் 1972இல் எழுதியதையும் காட்டி, ஆண் போட்டியிடுவதும் பெண் தேர்ந்தெடுப்பதும் பரிணாமம் தந்தவை என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். 2012இல் உயிரியலாளர் கோவாட்டியும் உடன் ஆய்ந்தவர்களும் பேட்மனின் அதே சோதனையைத் திரும்பச் செய்து, அதன் முறையிலேயே பிழை இருப்பதைக் காட்டினர். இன்னொரு பக்கம், மண்வெட்டி வேளாண்மையில் பெண்ணுக்கு இருந்த பங்கு ஏர் வந்த இடங்களில் சுருங்கியது என்று பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1970இல் எழுதினார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ‘சமூகப்பால்’ என்று பெயர் வைத்தால் தீர்ப்பைத் தலைப்பிலேயே எழுதிவிட்டு, மாணவர்களைச் சிந்திக்கச் சொல்வதாக ஆகும்.

இலக்கணப் பாலைக்கொண்டு சமூகத்தை அளப்பதும் சரியன்று. எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். ‘அம்மா வச்சிந்தி’, ‘ஆவு வச்சிந்தி’ என்று தாய்க்கும் பசுவுக்கும் ஒரே வினைமுற்றுதான். அதனால் என் தாயை நாங்கள் அஃறிணையாக நடத்தினோம் என்று ஆகிவிடுமா? 1955இல் உளவியலாளர் ஜான் மணி ஆங்கிலத்தில் இந்தப் பொருளுக்குச் சொல் தேடியபோது ‘ஜென்டர்’ என்பதை இலக்கணத்திலிருந்தே எடுத்தார் என்பதையும் ஐயா கவனிக்க வேண்டும்; நாமும் அப்படியே செய்கிறோம்.

பென்னாகரம், கிராம சுகாதாரச் செவிலியர்:

எனக்கு இலக்கணம் அதிகம் தெரியாது. ஊரில் நடப்பதைச் சொல்கிறேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்று நம் பக்கத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்கேனில் தெரிவது உடல். அந்தக் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்வது வரதட்சணைக் கணக்கு. பாலினத் தேர்வு, பாலின விகிதம், பாலினப் பாகுபாடு என்று மூன்றையும் ஒரே சொல்லால் பேசிப் பேசி, நான் எதைக் குற்றம் சொல்கிறேன் என்பதே கேட்பவர்களுக்குப் புரிவதில்லை. ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர், “ஆணும் பொண்ணும் வேறதானேம்மா, கடவுள் வெச்சதை நீ எப்படி மாத்துவ?” என்று கேட்டார். அன்றிலிருந்து ‘பொறப்பு வேற, வளர்ப்பு வேற’ என்றுதான் பேசுகிறேன், உடனே புரிகிறது.

ஏரைப் பற்றி மருத்துவர் எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர்க் கேழ்வரகுக் கொல்லைதான் நினைவுக்கு வந்தது. ஏர் பிடிக்க உடல்வலு வேண்டும், அதனால் ஆண் உழுகிறான் என்றார்கள். இப்போது உழுவது டிராக்டர். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது ஆண்தான், அதன் பின்னால் குனிந்து களையெடுப்பது பெண்கள்தான். வலுவின் தேவை போயும் வழக்கம் போகவில்லை.

ஓசூர், மருத்துவர்:

அம்மா, டிராக்டர் எடுத்துக்காட்டு இயலுக்குள் கட்டாயம் வர வேண்டும். ஆனால் ‘வளர்ப்பு’ என்பதும் ‘சமூகப்பால்’ போலவே விடையை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

பாலக்கோடு, விலங்கியல் ஆசிரியை:

நாளை அச்சுக்குப் போகிறது. பால்நிலைக்கு இருவர், பான்மைக்கு ஒருவர். மற்றவர்கள், பழகிய சொல்லை வைத்தே வேலையை முடியுங்கள் என்று தனிமடலில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உடலைக் குறிக்கும் இடமெல்லாம் ‘பால்’ என்று திருத்திவிட்டேன். பால் விகிதம், பால் தேர்வு என்றே வரும். உடலின்மேல் எழுந்த எதிர்பார்ப்பு, நடத்தை, பங்கு ஆகியவற்றுக்கு ‘பாலினம்’. அவை எங்கிருந்து வந்தன என்பதை அந்தச் சொல் சொல்லாது. இயல்தான் கேட்க வேண்டும். இந்தப் பிரிவினையை முதல் பக்கத்திலேயே கட்டமிட்டுத் தந்திருக்கிறேன்.

இதை வகுப்பில் சொன்னபோது அதே மாணவி, “அப்படியானால் விண்ணப்பப் படிவத்தில் பாலினம் என்று கேட்பது எதை?” என்றாள். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் திருநங்கையர் வழக்கில், தன்னை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என அறிவித்துக்கொள்ளும் உரிமை அவரவருக்கே உண்டு என்று தீர்ப்பளித்ததைச் சொன்னேன். “அது உடலும் இல்லை, ஊர் சொல்வதும் இல்லையே டீச்சர்” என்றாள். அவள் சொல்வது சரிதான். என் கட்டத்துக்குள் அது அடங்கவில்லை.

அரூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, அந்த மாணவியிடம் நன்னூலைக் காட்டுங்கள். பேடுக்கு, அதாவது ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவருக்கு, பால் வகுக்கும் இடத்தில் அந்நூலை எழுதிய பவணந்தியார் உடலைப் பார்க்கவில்லை. ‘பெண்மைவிட் டாணவா வுவபேடு ஆண்பால்’ என்று, அந்தப் பேடு எதை விட்டது, எதை அவாவியது (விரும்பியது) என்று பார்க்கிறார். விட்டது பெண்ணை அன்று, பெண்மையை. அந்த ‘மை’யைத்தான் நான் மூன்று நாளாகக் கேட்கிறேன். நூல் அச்சுக்குப் போகட்டும், தடுக்கமாட்டேன். ‘பாலினம்’ என்ற சொல்லுக்கு நான் உடன்படவில்லை என்பதைமட்டும் குறித்துவைத்து, அடுத்த பதிப்புக்கு முன் எனக்கு எழுதுங்கள்.