டி கிளாஸ் ஆம்ப்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

டி கிளாஸ் வகை ஆம்ப்ளிஃபயர் (ஒலிபெருக்கி) வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், நானே ஆரம்பித்து வைக்கிறேன். என் ஆம்ப் பழைய ஏபி கிளாஸ் வகை, அதன் ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) மே மாதத்தில் தோசை வார்க்கலாம் போலக் காயும். அந்த ஆம்ப் ஓய்ந்ததும் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் டிபிஏ3116 என்ற டி கிளாஸ் சிப் வைத்த குட்டி போர்டு ஒன்று வாங்கிவந்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகி, மிருதங்கத் தனி ஒன்று போட்டேன். தொப்பியின் கும்கி தரையில் உருண்டு வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அப்பா சத்தம் போட்டார். அவருடைய ரேடியோவில், 720 கிலோஹெர்ட்ஸில், சென்னை நிலையம் முழுக்க ஈ மொய்க்கிற இரைச்சல். ஆம்பை அணைத்தால் நிற்கிறது, போட்டால் வருகிறது. இந்த ஆம்ப் ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்துத்தான் ஒலியைப் பெருக்குகிறது, அதுவும் நொடிக்கு 4 லட்சம் முறை. பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு துடிப்பின் அகலமும் கூடும், குறையும். கடைசியில் கம்பிச் சுருளும் (காயில்) கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்பை வடிகட்டி, இசையை மட்டும் ஸ்பீக்கருக்கு விட வேண்டும். என் போர்டில் அவை பேருக்குத்தான் இருந்தன. தப்பியதெல்லாம் 5 மீட்டர் ஸ்பீக்கர் வயரில் ஏற, வயர் சுவரோரமாக அப்பாவின் கட்டிலுக்குப் பின்னாலேயே போக, அதுவே ஏரியல் ஆகிவிட்டது. ஒன்றரை மீட்டருக்கு வெட்டி, இரண்டு இழையையும் முறுக்கி, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு அப்பா இன்னும் முறைக்கிறார்.

* * *

அண்ணே, உங்களுக்கு இரைச்சலோடு போயிற்று, எனக்குப் புகையே வந்தது. இரண்டு ஜோடி ஸ்பீக்கரை மாற்றி மாற்றிக் கேட்க ஒரு பழைய செலக்டர் பெட்டி வைத்திருந்தேன். அதற்குள் இடது, வலது மைனஸ் இரண்டும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழைய ஆம்பில் மைனஸ் என்றால் கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட்), ஒன்றும் ஆகாது. இந்த டிஜிட்டல் ஆம்பில் பிளஸ், மைனஸ் இரண்டுமே உயிருள்ள முனைகள், இரண்டு மைனஸையும் சேர்த்தால் ஷார்ட் ஆகிவிடும். 24 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் கிரவுண்டிலிருந்து 12 வோல்ட்டில் நிற்கும். தெரியாமல் மாட்டினேன். சத்தமே இல்லை. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது, நான்தான் விடாமல் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை வாசனை வந்தது.

* * *

தம்பி, டி என்பது டிஜிட்டல் இல்லை. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவே. 1964-லேயே இங்கிலாந்தில் சின்கிளேர் எக்ஸ்-10 என்று ஒரு டி கிளாஸ் ஆம்பை, நாமே பூட்டிக்கொள்ளும் கிட்டாக விற்றார்கள். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர்களுக்குப் போட்டு அணைக்கும் அந்த வேகம் தாங்கவில்லை.

என்னை மாற்றியது 2005 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த சோனிக் இம்பாக்ட் டி-ஆம்ப் (T-Amp), இதுவும் டி கிளாஸ் வகைதான். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே டிரைபாத் டிஏ2024 சிப், எட்டு பென்சில் பேட்டரி. ஸ்பீக்கர் கிளிப்பில் தடித்த வயர் நுழையவே நுழையாது. ஆனால் பாடகி மூச்சு வாங்குவது கேட்டது! டிரைபாத் 2007-ல் திவாலானது தனி வருத்தம்.

இன்னொன்று. 50 வாட், 100 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். டிபிஏ3116 சிப்பின் 50 வாட் என்பது 4 ஓம் ஸ்பீக்கர், 21 வோல்ட், ஒலியில் 10 சதவீதச் சிதைவு என்ற நிலையில் வருவது. உங்கள் 19 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாக 20 வாட் கிடைத்தாலே பெரிது. வீட்டுக்கு அது தாராளம்.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். நொடிக்கு 4 லட்சம் என்றால் 400 கிலோஹெர்ட்ஸ்; இரைச்சல் அதன் மடங்குகளிலும் வரும், இரட்டிப்பு 800. அப்பாவின் 720-க்குப் பக்கத்து வீடு. அந்தச் சிப்பின் மூன்று பின் (கால்கள்) வழியாக அந்த 400-ஐ 500 ஆக்கலாம். இரட்டிப்பு 1000-க்குத் தள்ளிப் போய்விடும்.

* * *

சார், என் போர்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். மூன்று பின்னையும் நேராகக் கிரவுண்டோடு ஒட்டியிருக்கிறார்கள். என் கை நடுக்கத்துக்கு அதைப் பிரிப்பது ஆகாத காரியம். அந்தப் பின்களை மாற்றியமைக்க வசதியாக வெளியே நீட்டிவிட்ட போர்டு யாரிடமாவது இருக்கிறதா?