நைட்ரேட் டெஸ்ட்டில் மஞ்சள் ஏறவே மாட்டேங்குதுங்க: நொய்யலோரக் கிணத்துத் தண்ணி

ஈரோட்டு மாணவி:
வணக்கமுங்க. எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் கிணத்துத் தண்ணி எடுத்திருக்கேன். பீனால் டைசல்போனிக் ஆசிட் முறை: நைட்ரேட் இருந்தா மஞ்சள் நிறம் வரும், அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுதுன்னு 410 நேனோமீட்டர் அலைநீளத்துல அளக்கறது. ஸ்டாண்டர்டெல்லாம் (அளவு தெரிஞ்ச நைட்ரேட் கரைசல்) நேர்கோட்டுல அழகா உக்காருது. சாம்பிள் மட்டும் வெளிறிக் கிடக்குது, லிட்டருக்கு 9 மி.கி. தான். அதே தண்ணியில நைட்ரேட் பாக்கற காகித ஸ்டிரிப்ப நனைச்சா 50-க்கான கட்டம் வரைக்கும் சிவக்குது. எதை நம்பறதுங்க?

லேப் அக்கா:
குளோரைடு பாத்தியா கண்ணு?

ஈரோட்டு மாணவி:
லிட்டருக்கு 1,200 மி.கி.ங்கக்கா.

லேப் அக்கா:
அப்ப ஸ்டிரிப்பு சொல்றதுதான் கிட்டத்தட்ட சரி. பருத்தித் துணிக்குச் சாயம் ஏத்தக் கொட்டுன உப்பு இன்னும் அந்த மண்ணுல இருக்குது. அடர் ஆசிட் பட்டதும் குளோரைடு நைட்ரேட்டைக் கூட்டிக்கிட்டு நைட்ரோசில் குளோரைடா ஆவியாப் போயிரும். அப்புறம் நிறம் எங்கிருந்து வரும்? இந்த முறைக்கு லிட்டருக்கு 10 மி.கி. குளோரைடு தாண்டுனாலே தொந்தரவு.

சில்வர் சல்பேட் லிட்டருக்கு 4.40 கிராம் கரைச்சுக்க. அதுல 1 மி.லி., 1 மி.கி. குளோரைடைப் பிடிக்கும். 50 மி.லி. சாம்பிள் எடுத்தீன்னா 60 மி.லி. ஊத்தணும், வெள்ளி விக்கிற வெலைக்கு உங்க எச்.ஓ.டி. மயக்கம் போட்டுருவார்! 10 மி.லி. எடு, 12 போதும். வெள்ளையா இறங்குனதை வடிகட்டிட்டு, நடுநிலையாக்கி, அப்புறம் வாட்டர் பாத்துல வத்த வை.

பெருந்துறைக்காரன்:
இவ்வளவு பாடு எதுக்குங்க? யுவி-யில (புற ஊதா ஒளி) 220 நேனோமீட்டர்ல வெச்சு நேரா அளந்தா குளோரைடு தொல்லையே இல்லீங்களே.

லேப் அக்கா:
நல்ல தண்ணிக்குச் சரிங்க தம்பி. சாயம் கலந்திருந்தா அந்தக் கரிமப் பொருளும் 220-ல உறிஞ்சும். 275-லயும் அளந்து, அதை ரெண்டால பெருக்கிக் கழிக்கோணும். கழிக்கறது 220 ரீடிங்குல பத்து சதவீதத்தைத் தாண்டுனா அந்த முறையே ஆகாது.

ஈரோட்டு மாணவி:
சில்வர் போட்டேனுங்கக்கா, 47 வந்துருச்சு! தெரிஞ்ச அளவு நைட்ரேட் சேர்த்துப் பாத்ததுல 94 சதவீதம் திரும்பக் கிடைக்குது. முன்னாடி பாதிகூட வரல.

லேப் அக்கா:
47 முழு நைட்ரேட்டோட எடையாவா, அதுல இருக்கற நைட்ரஜனோட எடையாவா? குடிநீருக்கு இந்தியத் தரம் சொல்ற 45 நைட்ரேட் கணக்கு. நைட்ரஜன்னா 4.43-ஆல பெருக்கோணும்.

ஈரோட்டு மாணவி:
நைட்ரேட்டாத்தானுங்க.

லேப் அக்கா:
அப்ப எல்லை தாண்டிருச்சுன்னு எழுது. ஆனா சாயப்பட்டறை மேல மட்டும் பழி போட்டுராத. யூரியா, எரு, கக்கூஸ் குழி எதுவும் காரணமா இருக்கலாம். அந்த வெள்ளி வீழ்படிவை சிங்க்குல கொட்டாம ஒரு பாட்டில்ல சேர்த்து வை.